ஒரே ஒலி, வேறு வேர்: தீன் முதல் அத்தா வரை

மக்தபில் 'அத்தீன்' அத்தியாயத்தை மனனம் செய்துகொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் பாதியில் நிறுத்திவிட்டு நம்மிடம் கேட்டான்: "ஹஜ்ரத், தீன்னா மார்க்கம்னு போன வாரம் சொன்னீங்க. இங்க தீன்னா அத்திப்பழம்னு போட்டிருக்கே. ரெண்டும் ஒண்ணா?" பக்கத்தில் இருந்தவன் சும்மா இருக்கவில்லை. "எங்க வீட்ல கோழிக்குப் போடுறதும் தீனிதான்" என்றான். வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்துவிட்டோம்.

கேட்டவன் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. அவன் கையில் இருந்தது தமிழ் எழுத்தில் அச்சான அம்ம ஜுஸ்வு. அதை வைத்துப் பார்த்தால் அவன் கேள்வியில் தவறே இல்லை. தமிழில் 'தீன்' என்று ஒரே மாதிரி எழுதப்படும் சொற்கள் அரபியில் மூன்று உண்டு. தமிழிலேயே ஒன்று உண்டு. நான்கும் நான்கு வேர்கள்.

மெல்லிய 'தா' என்ற எழுத்தில் தொடங்கும் தீன் அத்தி. ஹீப்ரு மொழியில் இதே பழத்துக்கு 'தெஏனா' என்று பெயர். கனத்த 'தோ' என்ற எழுத்தில் தொடங்கும் தீன் களிமண். ஆதம் (அலை) அவர்கள் எதிலிருந்து படைக்கப்பட்டார்கள் என்று குர்ஆன் கூறுகிறதோ அந்த மண். அரமேய மொழியில் அது 'தீனா'. மூன்றாவது, 'தால்' எழுத்தில் தொடங்கும் தீன். நாம் மார்க்கம் என்று சொல்வது இதைத்தான். வியப்பு என்னவென்றால், அந்தச் சிறுவன் ஓதிய எட்டு வசன அத்தியாயத்திலேயே முதல் வசனத்தில் அத்தியும் ஏழாம் வசனத்தில் இந்தத் தீனும் வருகின்றன. அதிலும் ஏழாம் வசனத்தில் அதன் பொருள் மார்க்கம் என்பதைவிடத் தீர்ப்பு, கூலி கொடுக்கப்படுதல் என்பதே பொருத்தம் என்று விரிவுரையாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

கோழித் தீனிக்கு வருவோம். 'தின்' என்ற வினையின் முதலெழுத்து நீண்டு 'தீன்' ஆனது. 'உண்' என்பது 'ஊண்' ஆனதுபோல, 'கெடு' என்பது 'கேடு' ஆனதுபோல. பள்ளிக்கூட இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று படித்தது இதுதான். அரபிக்கும் இதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை.

தால் எழுத்துத் தீனின் குடும்பம் பெரிது. அதே மூன்று வேரெழுத்துகளில் 'தைன்' என்றால் கடன். திருப்பிக் கொடுத்தே தீர வேண்டியது. 'தய்யான்' என்றால் தீர்ப்பளிப்பவன், கணக்குத் தீர்ப்பவன். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அரபுத்தமிழில் எழுதிய மார்க்கச் சட்ட நூலின் பெயரான 'ஃபத்ஹுத் தய்யான்' என்பதில் வருவது இச்சொல்தான். ஹீப்ருவில் 'தீன்' என்றால் தீர்ப்பு; யூதர்களின் மார்க்க நீதிமன்றத்துக்கு இன்றும் 'பேத் தீன்' என்றே பெயர். பழைய பாபிலோனியர்களின் அக்காத் மொழியிலும் 'தீனு' என்றால் தீர்ப்புதான். அரமேயத்தில் ஒரு நீதியதிகாரத்துக்கு உட்பட்ட பகுதியை 'மதீனா' வகைச் சொல்லால் குறித்தார்கள்; பிறகு அது நகரம் என்ற பொருளுக்கு வந்தது. மதீனா என்ற சொல்லை இந்த வேரோடு சேர்ப்பதா, தங்குதல் என்ற பொருள் தரும் வேறொரு வேரோடு சேர்ப்பதா என்று அரபி அகராதியாளர்களுக்குள்ளேயே பேச்சு உண்டு.

இங்கே ஒரு சிக்கல். பாரசீகத்திலும் 'தேன்' என்று ஒரு பழைய சொல் உண்டு; பொருள் மதம். அது ஸொராஸ்திரியர்களின் அவெஸ்தா மொழியில் இருந்த 'தஎனா' என்பதிலிருந்து இறங்கி வந்தது. அதன் வேர் 'காணுதல்' என்ற பொருளுடையது. அரபி வேரோ தீர்ப்பும் கடனும் சார்ந்தது. ஒன்றோடொன்று உறவில்லாத இரு குடும்பங்களில் பிறந்த இரு சொற்கள், ஒலியும் பொருளும் நெருங்கி, வரலாற்றில் ஒரே தெருவில் சந்தித்துக்கொண்டன. மார்க்கம் என்ற பொருள் அரபிக்குப் பாரசீகத்திலிருந்து வந்தது என்று மேலை ஆய்வாளர் சிலர் எழுதுகிறார்கள். கீழ்ப்படிதல், வழக்கம், கூலி என்று அரபியிலேயே இருந்த பொருள்களே அதற்குப் போதும் என்பது நம் கருத்து. எப்படியாயினும், இரண்டும் ஒரு தாய் மக்கள் அல்ல என்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடில்லை.

ஒரு சிறுவனின் கேள்விக்கு இத்தனை நீளப் பதில் ஏன் என்றால், இதே கேள்வியைப் பெரியவர்கள் வேறு வடிவத்தில் கைப்பேசியில் சுற்றுக்கு விடுகிறார்கள். அரபியில் 'அன்த', தமிழில் 'அந்த'. ஆகவே தமிழிலிருந்து அரபி பிறந்தது என்று ஒரு செய்தி. அரபியில் 'உம்மு', தமிழில் 'அம்மா'. ஆகவே அரபியிலிருந்து தமிழ் பிறந்தது என்று அடுத்த நாள் இன்னொரு செய்தி. இரண்டையும் ஒரே ஆள் அனுப்பியதையும் பார்த்திருக்கிறோம்.

குறை சொல்ல நமக்குத் தகுதி குறைவு. மத்ரஸாவில் ஓதிய காலத்தில் நாமும் ஒரு நோட்டு வைத்திருந்தோம். அரபிக்கும் தமிழுக்கும் ஒலி ஒத்த சொற்கள் கண்ணில் பட்டால் உடனே அதில் ஏறிவிடும். இருநூறுக்கு மேல் சேர்ந்தன. அதை வைத்து ஒரு பயானே செய்து, பாராட்டும் வாங்கினோம். பிறகு கலைப் பட்டப் படிப்புக்குப் போனபோது மொழியியல் எடுத்த பேராசிரியர் ஒருவரிடம் பெருமையாக அந்த நோட்டைக் காட்டினோம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல். நடுவில் யார் யார் கையில் மாறி வந்தது?"

ஹதீஸ் கலை படித்த நமக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒரு செய்தி நல்லதாக இருக்கிறது என்பதற்காக நபிமொழி என்று ஏற்போமா? அறிவிப்பாளர் தொடரைத்தானே முதலில் கேட்போம்? சொல்லுக்கும் ஒரு சனது வேண்டும் என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது. அந்த இருநூறில் சனதோடு தேறியவை முப்பதுக்கும் குறைவு. அவையும் வசூல், பாக்கி, அசல், நகல், ரத்து, ஆஜர், ஜாமீன் என்று கச்சேரிகளும் கணக்கர்களும் நமக்குக் கொண்டு வந்தவைதாம்.

'அன்த' என்பதையே எடுத்துக்கொள்வோம். அரபியில் அது 'நீ'. அரமேயத்தில் 'அந்த்'. ஹீப்ருவில் 'அத்தா'; நடுவிலிருந்த நகரம் அடுத்த தகரத்தோடு கரைந்து இரட்டித்தது. மூன்றும் அண்ணன் தம்பிகள். தமிழ் 'அந்த'வைப் பிரித்துப் பாருங்கள்: அந்த, இந்த, எந்த; யாழ்ப்பாணத்தார் பேச்சில் உந்த. சுட்டும் பொருள் முழுவதும் முதலில் உள்ள அ, இ, உ என்ற ஒற்றை உயிரில் இருக்கிறது. அரபிச் சொல்லில் 'அன்' பொதுவாக நிற்க, 'த' என்ற இறுதிதான் எதிரில் இருப்பவனைக் குறிக்கிறது. 'நான்' என்பதற்கு 'அன', 'நீ' என்பதற்கு 'அன்த'. கழற்றி வைத்தால் இரண்டிலும் ஒரு உறுப்புகூடப் பொருந்தவில்லை.

இப்போது வீட்டுப் பிள்ளைகள் கொரியத் தொடர்கள் பார்க்கிறார்கள். பார்க்கலாமா கூடாதா என்பதை இங்கே பேசவில்லை. அதில் அப்பாவை 'அப்பா' என்றும், அம்மாவை 'ஓம்மா' என்றும், நான் என்பதை 'நா' என்றும், நீ என்பதை 'நீ' என்றும் சொல்வதைக் கேட்டுவிட்டு, கொரியாவே தமிழர் குடியேற்றம் என்று நம்பிவிடுகிறார்கள். இது புதிய எண்ணமும் அல்ல. கொரியாவில் வாழ்ந்த ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். ஆனால் அந்த 'நீ'யின் கதையைக் கேளுங்கள். கொரியத்தில் 'என்' என்பதற்கு ஒரு சொல், 'உன்' என்பதற்கு ஒரு சொல். காலப்போக்கில் இரண்டின் உயிரொலியும் ஒன்றாகிவிட, 'என்னுடையது' என்கிறானா 'உன்னுடையது' என்கிறானா என்று தெரியாமல் போயிற்று. குழப்பம் தீர, பேச்சில் இரண்டாவதை 'நி' என்று மாற்றிக்கொண்டார்கள். எழுத்தில் இன்றும் பழைய வடிவமே. நமக்கு வியப்பூட்டும் அந்த ஒற்றுமை அங்கே அண்மையில் நடந்த ஒரு பழுதுபார்ப்பு வேலை.

'பத்துவா' என்று நம் வீடுகளில் சொல்கிறோம். "ஏழையோட பத்துவா வாங்காதே" என்பார்கள் பெரியவர்கள். துவா அரபி, முன்னால் நிற்கும் 'பத்' பாரசீகம், பொருள் கெட்ட. ஆங்கிலத்திலும் 'பேட்' என்றால் கெட்டது. இரண்டும் தூரத்து உறவுள்ள மொழிகள் வேறு. இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்குமா? ஆனால் படியேறிப் பாருங்கள். இடைக்காலப் பாரசீகத்தில் இச்சொல் 'வத்' என்று வகரத்தில் தொடங்கியது. ஆங்கிலச் சொல்லோ 13-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் தலைகாட்டுகிறது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது 'ஈவிள்' என்பதன் பழைய வடிவம். பின்னோக்கிப் போகப் போக நெருங்க வேண்டிய சொற்கள் விலகுகின்றன. ஆகவே உறவில்லை.

இதற்கெல்லாம் மேலான ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. வடக்குக் குயின்ஸ்லாந்தின் பூர்வகுடி மொழியான ம்பபரத்தில் நாய்க்கு 'டாக்' என்று பெயர்! மொழியியலாளர் ராபர்ட் டிக்ஸன் அதைப் பதிவு செய்தபோது, வெள்ளையரிடம் கற்ற சொல்லோ என்றுதான் முதலில் எண்ணினார். அக்கம்பக்கத்து மொழிகளோடு ஒப்பிட்டபோது 'குடக' என்ற பழஞ்சொல்லின் முதலும் ஈறும் தேய்ந்து அங்கே 'டாக்' என்று நின்றிருப்பது தெரியவந்தது. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

சின்னச் சொற்களில்தான் இந்த விளையாட்டு அதிகம். தமிழில் உயிர்மெய் 216. அதன் ஈற்றில் ஒரு மெய்யைச் சேர்த்தாலும் கிடைப்பது நான்காயிரத்துக்குள். உலகில் பேசப்படும் மொழிகளோ ஏறத்தாழ ஏழாயிரம். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் சொற்கள். மோதாமல் எப்படி இருக்கும்? தமிழில் ஓரெழுத்து ஒருமொழிகள் மட்டும் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. அரபியிலும் அவை உண்டு. 'வ' என்றால் 'உம்', 'பி' என்றால் 'கொண்டு', 'க' என்றால் 'போல'. 'கி' என்ற ஒற்றை எழுத்தே "காப்பாற்று" என்று முழு ஏவலாக நிற்கும். தொழுகைக்குப் பின் கேட்கும் துவாவில் 'கினா' என்று வருவது அதுதான். 'மா' என்று தமிழில் சொன்னால் மரம், மாவு, விலங்கு, பெரியது எல்லாம் வரும். அதே ஒலி அரபியில் 'என்ன', 'எது', 'இல்லை'. சீனர்களிடம் போனால் குரலை ஏற்றி இறக்குவதைப் பொறுத்து அம்மா, குதிரை.

உம்மா, அத்தா

தாய் தந்தையர் பெயர்களுக்கு இந்தக் கணக்கும் போதாது. அங்கே ஒற்றுமை தற்செயலைவிட அதிகமாகவே இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு மர்டாக் என்ற மானிடவியலாளர் உலக மொழிகளிலிருந்து திரட்டிய 1072 சொற்களை வெளியிட்டார். தாய்க்கு 531, தந்தைக்கு 541. ரோமன் யாகோப்சன் என்ற மொழியறிஞர் அதை ஆராய்ந்து, தாயைக் குறிக்கும் சொற்களில் 55 விழுக்காட்டில் மூக்கொலி இருக்கிறது, தந்தையைக் குறிப்பவற்றில் 15 விழுக்காட்டில்தான் இருக்கிறது என்று காட்டினார். அவர் சொன்ன காரணத்தைப் பெற்றவர்கள் யாரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பால் குடிக்கும் பிள்ளையின் வாய் அடைபட்டிருக்கும். அப்போது அதற்கு எழுப்ப முடிந்த ஒரே ஒலி மூக்கு வழியே வரும் ம்ம். பசித்தாலும் தேடினாலும் அதே ஒலி வருகிறது. அதைத் தன் பெயர் என்று எடுத்துக்கொள்பவர் தாய். குழந்தை பெயர் வைக்கவில்லை. பெரியவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். அதனால்தான் ஜார்ஜிய மொழியில் எதிர்மாறாக நடந்திருக்கிறது: அங்கே 'மாமா' என்றால் தந்தை, 'தேதா' என்றால் தாய்.

நாம் சொல்லும் 'உம்மா'வில் அரபி 'உம்மு'வின் சாயல் இருக்கிறது. அது மார்க்க உறவோடு வந்து பழகிய வடிவம். ஹீப்ரு 'ஏம்', அரமேயம் 'எம்மா' என்று அதன் உடன்பிறப்புகளையும் காட்ட முடியும். அடுத்த வீட்டு 'அம்மா' அதிலிருந்து வந்ததல்ல, அதற்குத் தாயும் அல்ல. இரண்டும் தொட்டிலில் பிறந்தவை.

அத்தா விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் தந்தையை வாப்பா என்பார்கள். இராவுத்தர் குடும்பங்களில் அத்தா. ஒரு நிக்காஹ் பேச்சுவார்த்தையில் இருந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "நாங்க துருக்கியில இருந்து குதிரையோட வந்தவங்க, அத்தான்னு கூப்பிடுறோம் பாருங்க, அது துருக்கிச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, வாப்பா என்று அழைக்கும் பெண் வீட்டாரைக் கொஞ்சம் இறக்கிப் பேசினார். பெண்ணின் தகப்பனார் முகம் சுருங்கிப்போயிற்று. சம்பந்தம் அன்று அங்கேயே நின்றுவிடுமோ என்று நாம் அஞ்சினோம்.

துருக்கியில் 'அதா' என்றால் தந்தை, மூதாதை என்பது உண்மைதான். முஸ்தஃபா கமாலுக்கு 1934-இல் சூட்டப்பட்ட 'அதாதுர்க்' என்ற பட்டத்தில் இருப்பது அதுவே. ஆனால் மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹிட்டைட் மொழியிலும் தந்தை 'அத்தஸ்'. ஜெர்மானிய இனத்தாரின் பழைய காத்திய மொழியில் 'அத்தா'. லத்தீனில் பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் சொல் 'அத்தா'. ஸ்பெயின் எல்லையில் பேசப்படும், எந்த மொழியோடும் உறவு காட்ட முடியாத பாஸ்க் மொழியில் 'ஐதா'. இவர்களெல்லாம் துருக்கியிலிருந்து குதிரையில் வந்தவர்களா? தமிழை எடுத்துக்கொண்டால், 'அத்தன்' என்றால் தந்தை. தந்தையின் உடன்பிறந்தவள் அத்தை. கிராமங்களில் முதலெழுத்து நீண்டால் ஆத்தா, அது தாய். தேவாரப் பாடல்களில் இறைவனைத் தந்தையே என்று அழைக்க 'அத்தா' என்ற விளி வருகிறது. அவை 7, 8-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மாலிக் காஃபூரின் படை மதுரைக்கு வந்தது 1311-இல். படை வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே சொல் இங்கே வீட்டுக்குள் இருந்திருக்கிறது.

இதனால் இராவுத்தர்களின் முன்னோர் வரலாறு பொய் என்று நாம் சொல்லவில்லை. குதிரை வணிகமும் குதிரைப்படையும் அவர்களோடு சேர்ந்த உண்மைகள். அதை நிறுவ வேறு சான்றுகள் கொண்டு வரலாம். அத்தா என்ற சொல்லைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதுதான். அன்று அந்தச் சபையில் இத்தனையும் சொல்லவில்லை. "அத்தான்னு மதுரைப் பக்கத்துல மற்ற சமூகத்தாரும் பழைய நாள்ல சொன்னதுதானே" என்று மட்டும் சொல்லி, மஹர் பேச்சுக்குத் திருப்பிவிட்டோம். நிக்காஹ் நடந்தது. இப்போது அந்தப் பிள்ளைகள் தகப்பனை 'டாடி' என்கிறார்கள்.

உண்மையான சொந்தங்கள் எப்படி இருக்கும்?

ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஒழுங்கில் மாறியிருக்க வேண்டும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பத்து, ஹத்து. பூ, ஹூவு. ஒரு சொல்லில் மட்டும் மாறியிருந்தால் தற்செயல். சொல்லுக்குச் சொல் பகரம் ஹகரமானால் அது வரலாறு. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் அவை பகரத்தோடே இருப்பதும் அதற்குச் சாட்சி. இப்படிப் பார்த்துத்தான் 1816-இல் எல்லிஸும், பிறகு 1856-இல் கால்டுவெல்லும் தென்னக மொழிகள் ஒரு குடும்பம் என்று நிறுவினார்கள். அரபிக்கும் ஹீப்ருவுக்கும் இதே போல்: ஸலாம், ஷாலோம், லிஸான், லாஷோன், ரஃஸ், ரோஷ், நஃப்ஸ், நெஃபெஷ், ஸனா, ஷானா. அமைதி, நாக்கு, தலை, உயிர், ஆண்டு. அங்கே ஸ என்றால் இங்கே ஷ.

தொடர் அறுபடாமல் கிடைத்த ஒரு சொல்லும் உண்டு. அதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. சுவனத்துப் பானத்தில் கலந்திருப்பதாக 'அல்இன்ஸான்' அத்தியாயத்தின் 17-ஆம் வசனம் கூறும் 'ஸன்ஜபீல்', அதாவது இஞ்சி. பழைய அகராதியாளர் இதைப் பாரசீக வழி வந்த சொல் என்று குறித்தார்கள். அதற்கும் அப்பால் படியேறினால் அரமேயத்தில் 'ஸங்கபீல்', கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்', பாலியில் 'ஸிங்கிவேர'. இந்தப் பாலிச் சொல்லின் பின்பாதி நம் 'வேர்'. முன்பாதி இஞ்சியின் பழைய வடிவம், முதலில் சகரம் இருந்த காலத்தது. தென்னாட்டு மண்ணிலிருந்து கப்பலேறிய சரக்கு, பெயரையும் கூடவே கொண்டு போயிருக்கிறது. ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒலி துல்லியமாகப் பொருந்தும் அன்த, அந்த இரண்டுக்கும் உறவில்லை; பார்த்தால் அடையாளமே தெரியாத இஞ்சிக்கும் ஸன்ஜபீலுக்கும் உறவு.

குர்ஆனில் வேற்றுமொழிச் சொல்லா என்று சிலர் துணுக்குறுவார்கள். இது நம் இமாம்கள் பேசி முடித்த விஷயம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அப்படி இல்லை என்றார்கள். முன்னோர் சிலர் உண்டு என்றார்கள். அபூ உபைத் அல்காஸிம் இரண்டையும் இணைத்தார்: மூலத்தில் பிறமொழியாக இருந்தவை, அரபுகள் நாவில் பழகி அரபியாகவே ஆனபின் குர்ஆன் அருளப்பட்டது, ஆகவே இரு தரப்பும் சொன்னது சரி. 12-ஆம் நூற்றாண்டில் ஜவாலீகி இத்தகைய சொற்களுக்கென்றே 'அல்முஅர்ரப்' என்று அகராதி எழுதினார். 1505-இல் மறைந்த ஸுயூத்தி குர்ஆனில் வருபவற்றைத் தனி நூலாகத் தொகுத்தார். வந்த சொல்லைக் கண்டுபிடிக்க அவர்கள் வைத்திருந்த உரைகல்லும் ஒலியின் ஒழுங்குதான். ஜீமும் பெரிய காஃபும் ஒரே அரபிச் சொல்லில் சேராது. கல்லெறியும் பொறிக்குப் பெயரான 'மன்ஜனீக்'கில் சேர்ந்திருக்கிறது, ஆகவே அது வந்தேறி. நான்கைந்து வேரெழுத்துள்ள சொல்லில் ரா, லாம், நூன், ஃபா, பா, மீம் ஆறில் ஒன்றாவது இல்லையென்றால் அதைச் சந்தேகி என்றார், 8-ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத். அவருடைய அகராதி அலிஃபில் தொடங்காது. தொண்டையின் அடியிலிருந்து வரும் ஐனில் தொடங்கி உதட்டில் முடியும்.

அந்த ஐன்தான் தமிழ் எழுத்தில் காணாமல் போகிறது. ஐனில் தொடங்கும் 'அலீம்' எல்லாம் அறிந்தவன், அல்லாஹ்வின் திருநாமம். ஹம்ஸாவில் தொடங்கும் 'அலீம்' வேதனை தருவது; தண்டனையோடு சேர்ந்து வரும் சொல். மகனுக்கு அப்துல் அலீம் என்று ஆசையாகப் பெயர் வைத்துவிட்டு எந்த அலீமை அழைக்கிறோம்? தொண்டை ஹாவில் 'ஹாமித்' புகழ்பவர். நெஞ்சு ஹாவில் அதையே சொன்னால் அடங்கிப் போனது, உயிரற்றது. வறண்ட பூமிக்கு அந்தச் சொல்லைக் குர்ஆன் ஆள்கிறது. ஸாதில் 'நஸ்ர்' வெற்றி, ஸீனில் கழுகு. பெரிய காஃபில் 'கல்ப்' இதயம், சின்னக் காஃபில் நாய்.

நம் முன்னோர் இதை அறிந்தே அரபுத்தமிழை வளர்த்தார்கள். தமிழை அரபி எழுத்தில் எழுதி, அரபியில் இல்லாத ங, ட, ப, ள போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகளும் கோடுகளும் சேர்த்துப் புது எழுத்து உண்டாக்கினார்கள். அந்த எழுத்தில் அரபியின் மூன்று தீனும் ஒருநாளும் குழம்பாது. படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டதால் இன்று தமிழ் எழுத்து ஜுஸ்வு கைக்கு வந்திருக்கிறது. தெரியாதவருக்கு அது ஊன்றுகோல், மறுக்கவில்லை. ஆனால் குர்ஆனில் ஐந்து அத்தியாயங்கள் 'குல்' என்ற சொல்லில் தொடங்குகின்றன. பெரிய காஃபில் ஓதினால் "சொல்வீராக". சின்னக் காஃபில் ஓதினால் "சாப்பிடு".

இதை ஒரு பெண்கள் வகுப்பில் விளக்கினோம். எழுபது வயதைத் தொடும் ஒரு அம்மா, நாற்பது வருடமாகத் தமிழ் எழுத்து ஜுஸ்வில் ஓதி வருபவர், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் திரைக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார். "அப்ப இத்தனை வருஷம் நான் ஓதினதெல்லாம் என்னங்க ஹஜ்ரத்?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும், புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நபிமொழியைச் சொன்னோம். இனிமேல் தெரிந்துகொண்டு திருத்துவதும் அந்தச் சிரமத்தில்தான் சேரும் என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என் பேரன் உங்ககிட்டதான் ஓதுறான், அவன்கிட்டயே கேட்டுக்கிடுறேன்" என்று போய்விட்டார்.

பேரன் வேறு யாருமல்ல, கோழித் தீனி என்று சொன்னவன்தான். அசருக்குப் பிறகு தினமும் பாட்டிக்கு அலிஃப் பா சொல்லிக் கொடுக்கிறான். தா, தால், தோ மூன்றும் பிரிந்துவிட்டனவாம். பெரிய காஃபுக்கு அடிநாக்கை மேலே ஒட்டச் சொன்னால் பாட்டிக்கு இருமல்தான் வருகிறது என்று நேற்று வந்து நம்மிடம் புகார் சொன்னான்.